அரை டிக்கெட்

ரயில் கரக்பூரைத் தாண்டிய பின் என் மூத்த மகள் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வயது 11; தங்கைக்கு 6. மூவருக்கும் ஒரே கட்டணம் என்பதைக் கண்டதும், “அப்படியானால் நான் அரை டிக்கெட் இல்லையா, அம்மா?” என்று கேட்டாள். முன்பதிவுப் பெட்டியில் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 5 வயது நிறைந்த குழந்தைக்கும் முழுக் கட்டணம் என்ற விதி 2016 ஏப்ரல் 21 முதல் நடப்பில் இருக்கிறது. படுக்கை வேண்டாமென்று பெற்றோரோடு ஒடுங்கிக்கொள்ளும் குழந்தைக்கு மட்டுமே பாதிக் கட்டணம். இதைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “முழுப் பணம் கொடுத்தால் நான் முழு ஆளா?” என்றாள். என்னிடம் விடையில்லை.

சென்னையில் ஏறிய எங்கள் ரயிலுக்குச் சாந்த்ராகாச்சிதான் கடைசி நிலையம். மூவர் முதுகிலும் மூன்று பைகள். பெட்டி கிடையாது, கூலியாள் கிடையாது, அவரவர் துணியை அவரவர் சுமக்க வேண்டும் என்பது வீட்டிலேயே செய்துகொண்ட ஒப்பந்தம். இங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஹௌரா, ஹௌராவிலிருந்து போல்பூர், அதன் பின் வடக்கே மலைப்பக்கம். கோடை விடுமுறையில் இரண்டு சிறு பெண்களை இப்படி அழைத்துக்கொண்டு போவதா என்று உறவினர் பலர் கேட்டிருந்தனர். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்பது எல்லோருடைய அறிவுரையின் சாரமாகவும் இருந்தது.

இறங்கிய கணத்தில் அந்த அறிவுரை என் நெஞ்சிலும் ஒலித்தது. நடைமேடை முழுவதும் மனிதர்கள். சென்னைக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்குப் புறப்படும் இளைஞர்கள் தம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தனர். ஹௌரா ரயில் எந்த நடைமேடையில் வரும் என்று விசாரிக்க வேண்டியிருந்தது. மூன்று பைகளையும் வட்டமாக வைத்து, அதன் நடுவில் இருவரையும் நிறுத்தி, “நான் வரும்வரை இதைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கக் கூடாது” என்றேன். இரண்டு தப்படி நடந்ததும் என் சொற்களே என்னைத் தடுத்தன. ஏறத்தாழ இதே கட்டளையை, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய வீட்டில், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வேலையாள் ஒரு சிறுவனுக்கு இட்டிருந்தான்.

அந்த வேலையாளின் பெயர் சியாம். அந்த வீடு கல்கத்தாவின் ஜோராசாங்கோவில் இருந்த தாகூர் மாளிகை. சிறுவனை ஓரிடத்தில் உட்காரவைத்து, அவனைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, தாண்டினால் ஆபத்து என்று விரல் காட்டி எச்சரித்துவிட்டுப் போய்விடுவான். இராமாயணத்தில் இலக்குவன் வரைந்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன நேர்ந்தது என்று அறிந்திருந்த சிறுவன் அசையாமல் இருப்பான். வட்டத்திலிருந்து பார்த்தால் சன்னலுக்கு வெளியே ஒரு குளம், ஓர் ஆலமரம், நாள் முழுவதும் குளிக்க வருவோர் போவோர். பிற்காலத்தில் ரவீந்திரநாத் தாகூர் தம் நினைவுக் குறிப்புகளான ‘ஜீவன்ஸ்மிருதி’யில் இதை எழுதியபோது, தம் பிள்ளைப் பருவத்தை வேலையாட்களின் ஆட்சிக் காலம் என்றே வேடிக்கையாக வகைப்படுத்தினார். அந்த ஆட்சி எப்படி முடிந்தது என்பதுதான் நான் சொல்ல விரும்பும் வரலாறு. 1873இல் நடந்த ஒரு நீண்ட பயணம் அதை முடித்துவைத்தது. அந்தப் பயணத்தின் நடுவிலும் ஓர் அரை டிக்கெட் இருந்தது.

அரை டிக்கெட்டின் தொடக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். 1844இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், ஏழைப் பயணிகளுக்காக நாள்தோறும் ஒரு மலிவுக் கட்டண வண்டியையாவது ஓட்ட வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது. அதே சட்டம், அந்த வண்டிகளில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை, மூன்று முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பாதி என்றும் வரையறுத்தது. குழந்தைமை எங்கே முடிகிறது என்ற கேள்விக்குச் சமயங்களும் சாத்திரங்களும் வெவ்வேறு விடைகள் வைத்திருந்த காலத்தில், ரயில்வே ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிட்டது. லண்டனில் தலைமையகம் கொண்டிருந்த கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி 1854இல் ஹௌராவிலிருந்து முதல் வண்டியை ஓட்டியது. அதன் தடத்திலும் பன்னிரண்டே எல்லையாக இருந்தது என்பதற்குச் சிறுவன் ரவீந்திரனின் அனுபவம் சான்று. அந்த எல்லை இன்றும் மாறவில்லை. நம் ஊரிலோ அது ரயிலைவிட்டு இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. உயரம் குறைந்த பிள்ளையை ‘அரை டிக்கெட்’ என்று கேலி செய்யாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 1962இல் வந்த ‘ஹாஃப் டிக்கெட்’ என்ற இந்திப் படத்தில் கிஷோர் குமார் கட்டணத்தை மிச்சப்படுத்தக் குழந்தையாக வேடமிட்டுக்கொள்வார்.

இனி 1873. ரவீந்திரனுக்கு அவ்வாண்டின் தொடக்கத்தில் உபநயனம் நடந்து தலை மழிக்கப்பட்டிருந்தது. மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனால் யூரேசியப் பையன்கள் என்ன செய்வார்களோ என்று அஞ்சிக்கொண்டிருந்தபோது, தந்தை தேவேந்திரநாதர் அழைத்து, தம்மோடு இமயத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். தேவேந்திரநாதருக்கு அப்போது 55 வயது. பெரும்பாலும் பயணத்திலேயே இருந்த அவர் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய விருந்தாளி. பதினான்காவது பிள்ளையிடம் அவர் தனியாகப் பேசியதே அரிது. பிப்ரவரியில் புறப்பட்டார்கள். ஹௌராவின் மிதவைப் பாலம் 1874இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே தந்தையும் மகனும் ஹூக்ளியைப் படகில் கடந்தே ரயிலடிக்கு வந்திருக்க வேண்டும். நாங்கள் இறங்கிய சாந்த்ராகாச்சி வழித்தடம் அன்று இல்லை. வங்காள-நாகபுரி ரயில்வே கரக்பூரிலிருந்து ஹௌராவை எட்டியது 1900இல். அன்று இவ்வூரை வங்காளிகள் அறிந்திருந்தால் அது இங்கு விளையும் சேனைக்கிழங்குக்காகத்தான் இருக்கும்; சாந்த்ராகாச்சிச் சேனைக்கு இன்றும் பெயர் உண்டு.

புறப்படும் முன் ஒரு வேடிக்கை. சிறுவனைவிடச் சற்று மூத்தவனும் உறவு முறையில் மருமகனுமான சத்யபிரசாத் முன்பே போல்பூருக்குப் போய் வந்தவன். ரயிலில் ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம், கால் வழுக்கினால் அவ்வளவுதான், வண்டி கிளம்பும்போது இறுகப் பற்றிக்கொள்ளாவிட்டால் தூக்கி எறிந்துவிடும் என்றெல்லாம் அவன் பயமுறுத்தி வைத்திருந்தான். சிறுவன் நடுக்கத்தோடு நிலையத்துக்குப் போனான். எளிதாக ஏறி அமர்ந்தான். வண்டி மெல்ல நகர்ந்தது. ஆபத்து எதுவும் வராதது அவனுக்குச் சிறிது ஏமாற்றமாகவே இருந்ததாம். என் சின்ன மகளுக்கு இந்தக் கதையில் இந்த இடம் மட்டுமே பிடிக்கும்.

போல்பூரில் சில நாட்கள். அங்கு தேவேந்திரநாதர் 1863இல் நிலம் பெற்று அமைத்த சாந்திநிகேதன் என்ற வீடு இருந்தது. சுற்றிலும் மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள். சிறுவன் அவற்றில் தனியே திரிந்து கூழாங்கற்களைச் சட்டையில் சேர்த்துக்கொண்டு ஓடி வருவான். இதையெல்லாம் ஏன் பொறுக்குகிறாய் என்று தந்தை கேட்கவில்லை. அழகாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்றார்; கற்களைக் கொண்டு அருகிலிருந்த மண்மேட்டை அலங்கரிக்கச் சொன்னார். ஒரு பள்ளத்தில் நீர் ஊறுவதைக் கண்டுவந்து, இனி அங்கிருந்து குடிநீர் எடுக்கலாமே என்று மகன் சொன்னபோது, அவ்வாறே ஏற்பாடு செய்தார். ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டன் கண்டதற்கு நிகரான கண்டுபிடிப்பைத் தானும் செய்துவிட்டதாகச் சிறுவன் எண்ணிக்கொண்டான்.

அங்கிருந்து சாஹிப்கஞ்ச், தானாப்பூர், அலகாபாத், கான்பூர் எனத் தங்கித் தங்கி அமிர்தசரஸ் சென்றனர். வழியில் ஒரு பெரிய நிலையத்தில்தான் அந்த நிகழ்ச்சி. சீட்டுப் பரிசோதகர் சிறுவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்லத் தயங்கிப் போனார். சற்று நேரத்தில் இன்னொருவருடன் வந்தார். இருவரும் கதவருகே நின்று தயங்கிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக நிலைய அதிகாரியே வந்து, இந்தப் பையனுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஆகவில்லையா என்று கேட்டார். ஆகவில்லை என்றார் தந்தை. 1861 மே மாதத்தில் பிறந்தவனுக்குப் பன்னிரண்டு நிறைய இன்னும் சில வாரங்களோ மாதங்களோ இருந்தன. ஆனால் பையன் வயதை மீறி வளர்ந்திருந்தான். முழுக் கட்டணம் தர வேண்டும் என்றார் அதிகாரி. தேவேந்திரநாதர் ஒன்றும் பேசாமல் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். மீதிச் சில்லறை வந்ததும் அதை வாங்கி நடைமேடையில் வீசினார். கல் தளத்தில் காசுகள் கலகலத்து உருண்டன. சிறு தொகைக்காகப் பொய் சொல்லக்கூடியவர் என்று ஒருவரை எண்ணியதன் இழிவு அந்த அதிகாரிக்கு உறைத்தது என்று மகன் பின்னாளில் எழுதினார்.

இந்தக் காட்சி தேவேந்திரநாதரின் தன்மானத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ரயில்வே அந்தச் சிறுவனின் உயரத்தைப் பார்த்து அவன் முழு ஆளா, அரை ஆளா என்று கணக்கிட்டது. தந்தை அதே பயணத்தில் வேறு வகையில் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். போல்பூரிலேயே மகனிடம் சில அணாக்களைக் கொடுத்து வரவு செலவு எழுதச் சொல்லியிருந்தார். பிச்சை கேட்போருக்கு மகனே கொடுக்க வேண்டும். மாலையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். கணக்கு ஒருநாளும் சரியாக வரவில்லை. ஒருநாள் கொடுத்ததைவிட அதிகமாகவே கையிருப்பு இருந்தது. உன்னைத்தான் காசாளனாக வைத்துக்கொள்ள வேண்டும், உன் கையில் பணம் வளர்கிறதே என்று சிரித்தார் தந்தை. தம் விலையுயர்ந்த தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் மகனிடம் விட்டார். அவன் காட்டிய பேரார்வத்தில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குச் சீர்செய்ய அனுப்பப்பட்டது.

அமிர்தசரஸில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கிய பின் மலையேறத் தொடங்கினர். வழிச்செலவுப் பணம் முழுவதும் இருந்த சிறு பெட்டி இப்போது மகன் கையில். உடன் வந்த கிஷோரி சாட்டர்ஜி நம்பிக்கையான பணியாளர். பெட்டி அவரிடம் இருந்தால் தந்தைக்குக் கவலையே இல்லை. அதை அறிந்தே மகனிடம் கொடுத்தார். ஒருநாள் வழித்தங்கலில் மகன் பெட்டியை மேசைமேல் மறந்து வைத்துவிட்டான். அன்று கண்டிப்புக் கிடைத்தது. டல்ஹௌசியில் பக்ரோட்டா என்னும் உயரத்தில் தங்கிய நாட்களில் விடியும் முன் எழுப்பிச் சமஸ்கிருத இலக்கணம் படிக்கவைத்தார். பனிபோல் குளிர்ந்த நீரில் குளிக்கச் சொன்னார். இரவில் விண்மீன்களைக் காட்டி வானியல் கற்பித்தார். இவை கடுமையானவை. ஆனால் பகலில் இரும்புப் பூணிட்ட ஒரு கோலை எடுத்துக்கொண்டு சிறுவன் தேவதாரு வனத்துக்குள் தனியே இறங்கிப் போவதை அவர் ஒருமுறையும் தடுக்கவில்லை. சுண்ணக்கட்டி வட்டத்திலிருந்து கூட்டிவந்த பிள்ளைக்கு அவர் இப்படி மலையைக் கொடுத்தார். சில மாதங்களுக்குப் பின் கிஷோரியோடு வீடு திரும்பிய சிறுவனை மீண்டும் வட்டத்துக்குள் உட்காரவைக்க யாராலும் முடியவில்லை. பெண்கள் கூடும் மாலை நேரத்து மாடியில், தாய் சாரதா தேவியின் பக்கத்தில், அவன் பயணக் கதை சொல்லும் பெரிய மனிதனாகிவிட்டான்.

பணப்பெட்டி, கடிகாரம், கோல், கணக்குப் புத்தகம் இவை நான்குமே உடையவோ தொலையவோ தவறிப்போகவோ கூடியவை. சிறு பிள்ளைகளோடு செய்யும் பயணம் பிள்ளைகளின் பயணமாக ஆவது, இழக்கக்கூடிய ஒன்று அவர்கள் கையில் உண்மையாகவே ஒப்படைக்கப்படும்போதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றபடி அவர்கள் சாமான்களோடு சாமான்களாக ஏற்றி இறக்கப்படுகிறார்கள்.

இங்கே நிறுத்திவிட்டால் இது அழகான கதை. வரலாறு அவ்வாறு நிறுத்த விடுவதில்லை. இந்தப் பயணத்தின் பாரத்தை யார் சுமந்தார்கள் என்று கேட்க வேண்டும். மலைவழியில் தந்தையும் மகனும் ஜம்பான் என்னும் தூக்குநாற்காலியில் சென்றனர். மனிதர்களே அதைத் தோளில் சுமந்தனர். சிறுவன் சரிவுகளில் விளைந்து நின்ற பயிரைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு போனதற்கு அந்தத் தோள்களும் காரணம். அக்கால மலைப் பயணங்கள் அனைத்தும் அப்படித்தான். வெப்பம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நம்பிய ஆங்கிலேயர் மலைகளில் பள்ளிகளையே கட்டினர். நம் நீலகிரியில் லவ்டேலின் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது. வங்காள நடுத்தர வர்க்கம் ‘ஹாவா பதல்’ எனப்படும் காற்று மாற்றத்துக்காக மதுபூர், தேவ்கர், கிரிதி எனச் சமையல் பாத்திரங்களோடும் படுக்கைச் சுருள்களோடும் வேலையாட்களோடும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியது. சந்தை விலையைக் கேட்டு ‘டேம் சீப்’ என்று வியந்த அந்த நகரத்தாரை ஊர்மக்கள் ‘டாஞ்சி பாபு’ என்று அழைத்தார்கள் என்பர். வங்காள-நாகபுரி ரயில்வே வந்த பின், இதே சாந்த்ராகாச்சி வழியாகக் காட்சிலாவும் பூரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. முதுகுப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொள்வது இந்த மரபில் ஒரு சிறிய திருத்தம். அதற்கு மேல் நான் பெருமை கொள்ள முடியாது. சாந்த்ராகாச்சி நடைமேடையில் மூட்டைமேல் அமர்ந்திருந்தோரின் நடுவே, எங்கள் பைகளைவிடக் கனமான சாக்கை இடுப்பில் அணைத்தபடி ஓர் எட்டு வயதுப் பெண் நின்றாள். அவளிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அது பிறந்தபோதே அவள் தலையில் ஏறிவிட்டது.

இன்னொரு கேள்வி எனக்கு மேலும் நெருக்கமானது. தேவேந்திரநாதர் அந்த ஆண்டு ஒரு மகளை அழைத்துச் சென்றிருப்பாரா? அந்தக் கேள்விக்கு விடை அடுத்த தலைமுறையில் இருக்கிறது.

ரவீந்திரநாதரின் இரண்டாவது மகள் ரேணுகா 1891 ஜனவரியில் பிறந்தாள். பிடிவாதமும் துணிச்சலும் நிறைந்த பெண் என்று குடும்பத்தார் நினைவுகூர்வார்கள். 1901இல், 10 வயதில், அவளுக்குத் திருமணம் செய்துவைத்தார் தந்தை. குழந்தை மணத்தின் கொடுமையைத் தம் கதைகளில் எழுதியவர் தம் வீட்டில் வழக்கத்துக்குப் பணிந்தார். 1902 நவம்பரில் மனைவி மிருணாளினி தேவி இறந்தார். ரேணுகாவைக் காசநோய் பற்றியிருந்தது. நல்ல காற்றுக்காக முதலில் ஹசாரிபாக்குக்கும், 1903 கோடையில் இமயத்தின் அல்மோராவுக்கும் அவளை அழைத்துப் போனார். ரயில் காத்கோதாம் வரைதான். அதற்கு மேல் நெடிய மலைவழி. அல்மோராவில் தாயற்ற தம் பிள்ளைகளை நினைத்து எழுதிய கவிதைகளே ‘சிசு’ என்ற தொகுப்பு. அவற்றில் பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆங்கிலத்தில் உலகெங்கும் படிக்கப்பட்டன. மலை அவளைக் குணப்படுத்தவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பி, 1903 செப்டம்பரில் ரேணுகா இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 12.

இந்த இரு கோடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். 1873இல் பன்னிரண்டை எட்டிக்கொண்டிருந்த மகனுக்கு மலை கிடைத்தது, கோல் கிடைத்தது, தவறு செய்யும் உரிமை கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே மகன் தந்தையாகி, பன்னிரண்டு வயது மகளை அதே மலைத்தொடருக்கு நோயாளியாக அழைத்துப் போனார். ரயில்வேயின் கணக்கில் அவளுக்கு முழு டிக்கெட். குடும்பத்தின் கணக்கிலும் அவள் மணமான பெண், முழு ஆள். அவளுக்கென்று பிள்ளைப் பருவத்துப் பயணம் ஒன்று அதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று சொல்லும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான். மகன்களுக்குக் காத்திருக்கும் காலம் மகள்களுக்குக் காத்திருப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு திருமணம் குறுக்கிட்டது. இன்று பூப்பெய்தியதும், பொதுத்தேர்வும், பாதுகாப்பு என்ற சொல்லும் குறுக்கிடுகின்றன.

அஞ்சுவோர் வீணாக அஞ்சவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரவீந்திரநாதரின் இளைய மகன் சமீந்திரநாத் 1907இல் விடுமுறைக்கு நண்பனோடு முங்கேருக்குச் சென்ற இடத்தில் காலராவால் இறந்தான். 11 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. ஏறத்தாழத் தந்தை இமயம் சென்ற அதே வயது. பயணத்தில் பிள்ளையை இழந்த அந்தத் தந்தை, சாந்திநிகேதனில் தாம் 1901இல் தொடங்கிய பள்ளியைச் சுற்றி வட்டம் வரையவில்லை. வகுப்புகள் மரத்தடியிலேயே தொடர்ந்தன. தாம் பெற்றதைப் பிறர் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. இதை வீரம் என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் அச்சத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை இழப்புக்குப் பின்னும் ஒருவர் தீர்மானிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

சாந்த்ராகாச்சிக்குத் திரும்புகிறேன். நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான சீழ்க்கைச் சிறகிகள் அங்கு வந்து தங்கும். பறவை பார்ப்போர் கல்கத்தா முழுவதிலுமிருந்து வருவார்கள். மே மாதத்தில் ஆகாயத்தாமரையும் நீரும் மட்டுமே. பறவைகள் இல்லையென்று சின்னவள் வருந்தினாள்; குளிர்காலத்தில் வருவோம் என்றேன்.

பைகளால் நான் வைத்த வட்டத்தை நானே கலைத்தேன். அவரவர் பை அவரவர் முதுகுக்குப் போனது. பெரியவளிடம் ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, ஹௌராவுக்குச் சீட்டு வாங்கி வரச் சொன்னேன். முன்பதிவில்லாத வண்டியில் அரை டிக்கெட் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஒரு முழு, இரண்டு அரை. எந்த மொழியில் கேட்பது என்று தயங்கினாள். பிறகு நேரே நடந்து வரிசையில் நின்றாள். நானும் சின்னவளும் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு முன் ஒன்பது பேர் இருந்தனர். அவர்களை நான் மூன்று முறை எண்ணினேன். இரண்டு முறை கூட்டம் அவளை மறைத்தது. ஓடிப் போகாமல் நிற்பது எனக்கு எளிதாக இல்லை.

சீட்டுகளோடும் மீதிச் சில்லறையோடும் திரும்பி வந்தாள். நானும் அவளும் சில்லறையை எண்ணினோம். சரியாக இருந்தது.

“அரை டிக்கெட் யாருக்கு என்று கேட்டார், அம்மா. எனக்கும் தங்கைக்கும் என்று சைகை காட்டினேன். என்னைப் பார்த்து வயது என்ன என்று கேட்டார் போலிருக்கிறது. பத்து விரலையும் காட்டிவிட்டு இன்னொரு விரலைக் காட்டினேன்.”

“நம்பினாரா?”

“நம்பிவிட்டார்,” என்றாள். சில்லறையைத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இன்றைய கணக்கை இரவு எழுதிக் காட்டுவதாகச் சொன்னாள்.